சர்டிபிகேட் வேண்டாம், வேலை கொடுங்கள்: பொறியியல் கல்லூரி முதல்வர்களுக்கும் பிளேஸ்மென்ட் அலுவலர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர்களுக்கும், துறைத் தலைவர்களுக்கும், பிளேஸ்மென்ட் செல் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

நான் கோவையில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் மெக்கட்ரானிக்ஸ் படித்தவள். இப்போது ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகரத்தில் முதுகலை படிக்கிறேன், மூன்றாம் செமஸ்டர். பாடத்திட்டத்தில் உள்ள கட்டாய இன்டர்ன்ஷிப்புக்காக ஸ்டுட்கார்ட் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், வாகனங்களுக்கு வால்வு செய்கிற ஒரு நிறுவனத்தில் இந்தக் குளிர்காலம் முழுவதும் வேலை செய்கிறேன். ஊரிலிருந்து ஜூனியர்கள் அடிக்கடி எழுதிக் கேட்கிறார்கள். எந்தக் கன்சல்டன்சி நல்லது, எந்த யுனிவர்சிட்டியில் ஃபீஸ் இல்லை, பார்ட் டைம் வேலை கிடைக்குமா, எத்தனை சர்டிபிகேட் இருந்தால் இன்டர்ன்ஷிப் கிடைக்கும். கடைசிக் கேள்விதான் என்னை இந்த மடலை எழுத வைத்தது. அதற்கான பதிலை நான் அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்வதைவிட உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

வெளிநாட்டில் வந்து நாங்கள் திணறுவதற்குக் குளிர், சாப்பாடு, மொழி என்று பல காரணம் சொல்வார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் என்னோடு வந்தவர்களையும் எனக்குப் பின்னால் வந்தவர்களையும் பார்த்த பிறகு, பெரிய காரணம் வேறு என்று உறுதியாகச் சொல்கிறேன். நான்கு வருடம் பொறியியல் படித்தும், ஒரு வேலையிடத்தில் முடிவு தெரியாத ஒரு பிரச்சினையோடு ஒரு மாதம்கூட உட்கார்ந்ததில்லை. அந்த அனுபவத்துக்காக ஒதுக்கப்பட்ட இடம்தான் இன்டர்ன்ஷிப். அந்த இடத்தை நம் கல்லூரிகளில் ஒரு காகிதம் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அது எப்படி நடக்கிறது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஐந்தாவது செமஸ்டர் முடிந்ததும் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு போஸ்டர் வரும். இத்தனை நாள் இன்பிளான்ட் டிரெயினிங் (தொழிற்சாலைப் பயிற்சி), இத்தனை ரூபாய், சர்டிபிகேட் உறுதி. பத்துப் பேர் சேர்ந்தால் தள்ளுபடி. ஒரு மாடி அறையில் புரொஜெக்டரில், இயந்திரங்களைத் தானாக இயக்கும் பி.எல்.சி. கருவியின் படம் காட்டுவார்கள். சில இடங்களில் அதுவும் இல்லை, பணம் கட்டினால் போதும், கூரியரில் சர்டிபிகேட் வந்துவிடும். கல்லூரி அதை வாங்கி, ஃபைலில் போட்டு, கிரெடிட் ஏற்றிவிடும். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏ.ஐ.சி.டி.இ.) 2018 மாதிரிப் பாடத்திட்டத்தில் இன்டர்ன்ஷிப்புக்குக் கிரெடிட் கொடுத்து அதைப் படிப்பின் பாகமாகவே ஆக்கியது. நோக்கம் நல்லது. ஆனால் ஆய்வுக் குழு வரும்போது காட்ட வேண்டியது சர்டிபிகேட் என்றால், எல்லாரும் சர்டிபிகேட்டைத்தான் தேடுவார்கள். மாணவர்களை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நான் உள்ளூரில் உண்மையான இடத்துக்குப் போக முயற்சி செய்தேன். எங்கள் கல்லூரியிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் ஃபவுண்டரிகளும் (உலோக வார்ப்பாலைகள்) பம்ப் கம்பெனிகளும் வரிசையாக இருக்கின்றன. ஒரு ஃபவுண்டரியில் சேர்த்துக்கொள்ளத் தயாராக இருந்தார்கள், நான் அங்கே படிக்கிறவள்தான் என்று கல்லூரியிலிருந்து ஒரு போனஃபைடு கடிதம் மட்டும் கேட்டார்கள். கடிதம் கிடைக்கவில்லை. "பொண்ணுங்களுக்கு எதுக்கும்மா ஃபவுண்டரி, ஏதாவது ஒண்ணு ஆயிட்டா யார் பதில் சொல்றது, ஆன்லைன்ல சாஃப்ட்வேர் இன்டர்ன்ஷிப் பண்ணிடு" என்று சொன்னார்கள். என் வகுப்பில் இயந்திரத்தைக் கையால் தொட்டுப் பழக ஆசைப்பட்ட மற்றப் பெண்களுக்கும் இதே பதில்தான். அக்கறையில் சொன்னதாகவே எடுத்துக்கொள்கிறேன். ஆனாலும் இதை உங்கள் முன் வைத்தே ஆக வேண்டும். அதே பெண் அடுத்த இரண்டு வருடத்தில் ஏழாயிரம் கிலோமீட்டர் தாண்டி, தெரியாத மொழி பேசுகிற ஒரு தொழிற்சாலையில், பாதுகாப்புக் காலணி போட்டுக்கொண்டு தனியாக நிற்கப் போகிறாள். அதற்கு உங்கள் கல்லூரியே வாழ்த்து போஸ்டர் போடுகிறது.

என் அப்பா கோவை கணபதிப் பகுதியில், உலோகம் கடைகிற ஒரு லேத் பட்டறையில் வேலை செய்கிறார். விடுமுறை நாட்களில் நான் அங்கே போய் உட்காருவேன். பட்டறை முதலாளி அண்ணன் ஒரு மைக்ரோமீட்டரைக் கையில் கொடுத்து, பம்ப் ஷாஃப்ட்டுகளை அளந்து நோட்டில் எழுதச் சொல்வார். அதை நான் இன்டர்ன்ஷிப் என்று நினைத்ததே இல்லை. எந்த ஃபைலிலும் அது இல்லை.

இங்கே நேர்காணலில் நடந்ததைச் சொல்கிறேன். பெரிய கம்பெனிகளுக்கு விண்ணப்பித்ததில் பெரும்பாலும் பதில் வரவில்லை, வந்ததும் மறுப்புதான். பாதி விளம்பரங்களில் ஜெர்மன் மொழி பி2 அளவுக்கு, அதாவது தடையில்லாமல் பேசுகிற அளவுக்கு, வேண்டும் என்று இருக்கும். கடைசியில் இந்த நடுத்தர நிறுவனம் கூப்பிட்டது. என் ரெஸ்யூமேயில் இருந்த சர்டிபிகேட்டுகளை அவர்கள் திறந்துகூடப் பார்க்கவில்லை. கேட்டது இதுதான்: நீங்கள் கையால் எதை அளந்திருக்கிறீர்கள்? எந்தக் கருவியால்? அளவு தவறாக வந்தபோது என்ன செய்தீர்கள்? கல்லூரியில் செய்த எதையும் வைத்து என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கணபதிப் பட்டறையை வைத்துத்தான் சொன்னேன். லேத்திலிருந்து இறக்கிய சூட்டோடு அளந்தால் ஷாஃப்ட் பெரிதாகக் காட்டும், ஆறவிட்டு அளக்க வேண்டும் என்று அப்பா சொல்லிக் கொடுத்ததைச் சொன்னேன். எதிரே இருந்தவர் முகம் மாறியது. அங்கிருந்து பேச்சு வேறு மாதிரி போனது. வேலை கிடைத்தது.

சேர்ந்ததும் எனக்குக் கொடுத்த வேலையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நான் கேட்கப்போவது எல்லாம் இதில்தான் இருக்கிறது.

தயாரான வால்வு ஒவ்வொன்றையும் கசிவுச் சோதனைக்கு உட்படுத்துவார்கள். உள்ளே காற்றை அழுத்தி, அடைத்துவிட்டு, சில விநாடிகளில் அழுத்தம் எவ்வளவு குறைகிறது என்று இயந்திரம் பார்க்கும். அதிகம் குறைந்தால் கசிவு, பீஸ் நிராகரிக்கப்படும். குளிர்காலம் தொடங்கியதிலிருந்து திங்கட்கிழமை காலைகளில் மட்டும் நிராகரிப்பு கூடியது. அதே பீஸ்களை மதியம் மறுபடி சோதித்தால் பாதிக்கு மேல் தேறிவிடும். என் மேற்பார்வையாளர் இதைச் சொல்லிவிட்டு, "பார், அடுத்த வியாழன் உன் கருத்து என்ன என்று சொல்" என்றார். அவ்வளவுதான். செய்முறைத் தாள் இல்லை. சரியான விடை அவருக்கும் தெரியாது.

நம் லேபில் வேலை எப்படி நடக்கும்? அப்சர்வேஷன் நோட்டில் என்ன ரீடிங் வர வேண்டும் என்று போன வருட சீனியரின் ரெக்கார்டிலேயே இருக்கும். நம் ரீடிங் அதிலிருந்து விலகினால் மாற்றி எழுதச் சொல்வார்கள், இல்லாவிட்டால் கையெழுத்து கிடைக்காது. இங்கே எனக்குச் சம்பளம் கொடுத்ததே விலகிப்போன ரீடிங்குக்காக. ஏன் விலகுகிறது என்று பார்ப்பதுதான் வேலையே. நான்கு வருடம் ஒரு பிள்ளையை விலகிய எண்ணைப் பார்த்துப் பயப்பட வைத்துவிட்டு, அதன்பின் அவளை ஆராய்ச்சிக்கும் தொழிற்சாலைக்கும் அனுப்புகிறோம்.

பீஸ்கள் இரவெல்லாம் இருக்கும் கிடங்கில் வெப்பமூட்டி இல்லை. சோதனைக் கூடத்தில் வார இறுதியில் வெப்பத்தைக் குறைத்துவிடுவார்கள், திங்கள் காலையில்தான் கூட்டுவார்கள். அதனால் அன்று காலை மட்டும் பீஸ்கள் சூடேற வழியில்லை. ஒரு வெப்பமானியை எடுத்துக்கொண்டு பீஸ்களின் மேல் வைத்துப் பார்த்தேன். உள்ளே போகும் காற்றைவிட உலோகம் பல டிகிரி குளிர்ந்திருந்தது. குளிர்ந்த உலோகம் காற்றின் சூட்டை இழுக்கும், காற்று குளிர்ந்தால் அழுத்தம் குறையும். அறை வெப்பத்தில் மூடிய இடத்தில் உள்ள காற்று ஒரே ஒரு டிகிரி குளிர்ந்தாலும் அதன் அழுத்தம் சுமார் 0.34 சதவீதம் குறையும். பள்ளிக்கூடத்தில் படித்த வாயு விதிதான். இயந்திரம் தேடுகிற கசிவு அதைவிடச் சிறியது. ஆக, கசியாத பீஸையும் அது கசிகிறது என்று தள்ளிவிடுகிறது. பீஸ்களைச் சோதனைக்கு முன் கூடத்திலேயே போதுமான நேரம் வைத்திருந்து, வெப்பத்தைப் பதிவு செய்துவிட்டுச் சோதிக்கலாம் என்று வியாழக்கிழமை சொன்னேன். முதலில் ஒரு வாரம் செய்து பார்க்கலாம் என்றார்கள். திங்கட்கிழமை நிராகரிப்பு மற்ற நாட்களின் அளவுக்கு வந்துவிட்டது.

வாயு விதி எனக்குக் கல்லூரிக்கு முன்பே தெரியும். ஆனால் வெப்பமானியை எடுத்துக்கொண்டு பீஸின் அருகே போக வேண்டும் என்கிற எண்ணம் பட்டறையில் வந்தது. 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு எஃகு ஷாஃப்ட் அறை வெப்பத்தைவிட 20 டிகிரி கூடுதல் சூடாக இருந்தால் 0.02 மில்லிமீட்டருக்கு மேல் பெரிதாகக் காட்டும். அந்தக் கணக்கை அப்பா போட்டதில்லை. "ஜாப் சூடா இருக்கும்போது அளக்காதே" என்று மட்டும் சொல்வார். ஒன்பதாவது வரை படித்தவர். அவருடைய அறிவு உங்கள் வகுப்பறையிலிருந்து அரை மணி நேரத் தூரத்தில் இருந்தது. எங்கள் கல்லூரி பட்டறைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

என் பக்கத்து மேசையில் இருபது வயதுப் பையன் ஒருவன். டூயல் ஸ்டடி மாணவன். மூன்று மாதம் கல்லூரி, மூன்று மாதம் கம்பெனி என்று மாறி மாறிப் போகிறான், கம்பெனி சம்பளம் கொடுக்கிறது. இந்த முறை 1974-இல் ஸ்டுட்கார்ட்டிலும் மன்ஹைமிலும் தொடங்கியது. அந்த வட்டாரத்துப் பெரிய தொழிற்சாலைகளே முன்னின்று உருவாக்கியது. இன்று அந்த நகரங்கள் இருக்கும் பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலம் முழுக்க இருக்கிறது. அந்தப் பையன் என்னைவிடப் புத்திசாலி என்று நான் நினைக்கவில்லை. கணக்கில் நான்தான் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். ஆனால் ஒரு இயந்திரம் நின்றுவிட்டால் யாரிடம் போக வேண்டும், எதை முதலில் அணைக்க வேண்டும், எப்படி எழுதி வைக்க வேண்டும் என்று அவனுக்குத் தானாக வருகிறது. பத்தொன்பது வயதிலிருந்து அவன் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். கோவையில், ஓசூரில், ஸ்ரீபெரும்புதூரில், அம்பத்தூரில் இதைச் செய்ய முடியாது என்று யாராவது சொன்னால் எனக்கு நம்பிக்கை வரவில்லை. தொழிற்சாலையே இல்லாத ஊர்களா அவை? எஸ்லிங்கன் என்கிற தொழில் நகரம் நான் இருக்கும் இடத்துக்குப் பக்கம்தான். கோவைக்கும் அதற்கும் சகோதர நகர உறவு இருக்கிறது. அந்த உறவு மாநகராட்சி அளவில் நிற்காமல் கல்லூரிகள் வரை வரக் கூடாதா?

சரி, வேலையிடத்துக்கு வெளியே உள்ளதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிலும் உங்கள் பங்கு இருக்கிறது.

எங்கள் விடுதியில் மாலை ஆறரைக்குக் கேட் மூடிவிடும். வெளியே போக அவுட் பாஸ், வீட்டுக்குப் போக அப்பாவின் போன் கால், லீவுக்கு அம்மாவின் கையெழுத்து. இருபத்தொரு வயதுவரை எங்களுக்காக எல்லா முடிவையும் வேறு யாரோ எடுத்தார்கள். இங்கே வந்து இறங்கிய உடனே வீட்டு ஒப்பந்தத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டும். குடியேறி இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும், அதற்கு வீட்டுக்காரரின் கையெழுத்துள்ள படிவம் வேண்டும், அந்தப் பதிவு இல்லாமல் பல வேலைகள் நகராது. உடம்பு சரியில்லை என்றால் வேலை தொடங்கும் முன்பே நானே சொல்ல வேண்டும், மூன்று நாளுக்கு மேல் போனால் மருத்துவரின் சான்று வேண்டும். யாரும் என் வீட்டுக்குப் போன் செய்து கேட்க மாட்டார்கள். பையன்களுக்கும் இதே சிரமம்தான். ஆனால் பெண்கள் விடுதியிலிருந்து வருகிற எங்களுக்கு இந்தத் தாவல் இன்னும் பெரியது. விடுதி விதிகளைத் தளர்த்துங்கள் என்று கேட்பதற்கு எனக்கு உரிமை உண்டு என்றே நினைக்கிறேன். மூன்றாம் வருடத்தில் ஒரு பெண் தொழிற்சாலையில் வேலை முடித்துவிட்டு இரவு எட்டு மணிக்கு விடுதிக்குத் திரும்பினால், அவளுக்கு விளக்கம் கேட்டு மெமோ வரக் கூடாது.

பணத்தைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. விசாவுக்காக பிளாக்டு அக்கவுண்டில் போட வேண்டிய தொகை இப்போது வருடத்துக்கு 11,904 யூரோ, அதில் மாதம் 992 மட்டும் எடுக்கலாம். நம் வங்கிகளின் கல்விக் கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் பொதுவாகச் சொத்தை ஈடு வைக்கச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் பாட்டியின் பெயரில் இருந்த இடத்தை வைத்தோம். இவ்வளவு பெரிய பணத்தோடு வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டிய ஒன்று உண்டு. ஜெர்மனியில் பாடத்திட்டத்தில் உள்ள கட்டாய இன்டர்ன்ஷிப்புக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பொருந்தாது. 2025-இல் மணிக்கு 12.82 யூரோவாக இருந்து 2026 ஜனவரியில் 13.90 ஆன அந்தக் கூலி, கட்டாய இன்டர்ன்ஷிப் செய்கிறவருக்கு உரிமையாகக் கிடைக்காது. கம்பெனி தருவதுதான் சம்பளம். தானாக விரும்பிச் செய்கிற இன்டர்ன்ஷிப் மூன்று மாதத்தைத் தாண்டினால் அந்தக் கூலியைக் கொடுத்தாக வேண்டும். என்னோடு படிக்கிற ஒரு தோழிக்கு இந்த வேறுபாட்டை யாரும் சொல்லவில்லை. மணிக் கூலியைப் பெருக்கி வீட்டுக்குச் சொல்லிவிட்டு வந்தாள். வந்த சம்பளம் வாடகைக்கும் காப்பீட்டுக்கும் போனது, கடனின் வட்டிக்கு வீட்டிலிருந்தே கட்ட வேண்டியதாயிற்று.

இன்டர்ன்ஷிப் வேறு ஊரில் என்றால் இரண்டு வீட்டுப் பிரச்சினை வரும். கெம்னிட்ஸ் அறையை விட்டுவிட்டால் திரும்பிப் போகும்போது கிடைக்காது, வைத்துக்கொண்டால் இரண்டு வாடகை. அதனால் அறையைச் சில மாதங்களுக்கு வேறு ஒருவருக்கு விட்டுவிட்டு, இங்கே அதுபோல் யாரோ விட்டுவிட்டுப் போன அறையைத் தேட வேண்டும். முன்பணம் மூன்று மாத அடிப்படை வாடகை வரை கேட்கலாம், சட்டம் அனுமதிக்கிறது. இதற்குள்தான் ஏமாற்றுக்காரர்கள் நுழைகிறார்கள். நான் வெளிநாட்டில் இருக்கிறேன், முன்பணம் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன் என்று எழுதுவார்கள். நம் பிள்ளைகள் ஏமாந்திருக்கிறார்கள். பார்க்காத வீட்டுக்குப் பணம் அனுப்பாதே என்று ஒரு வரி சொல்ல உங்கள் வழியனுப்பு விழாவில் இடம் இருக்கிறது. அந்த விழாவுக்கு வந்து பேசுகிற கன்சல்டன்சிக்காரர் சொல்ல மாட்டார்.

மொழியைப் பற்றி ஒரு விஷயம். படிப்பு ஆங்கிலத்தில் என்பதால் ஜெர்மன் தேவையில்லை என்று நினைத்து வருகிறவர்கள் இன்டர்ன்ஷிப் தேடும்போதுதான் விழிக்கிறார்கள். அலுவலகத்தில் என்னிடம் ஆங்கிலத்தில் பேசுவார்கள். ஆனால் இயந்திரத்தை ஓட்டுகிறவர் இந்த வட்டாரத்து ஸ்வேபியப் பேச்சில்தான் பேசுவார், திங்கட்கிழமை விஷயத்தை முதலில் கவனித்தவரும் அவர்தான். அவரோடு பேச முடியாமல் இருந்திருந்தால் பாதித் தகவல் எனக்குக் கிடைத்திருக்காது. கோவையிலேயே ஜெர்மன் கற்றுக் கொடுக்கிற கோத்தே மையம் இருக்கிறது. தொடக்க நிலையான ஏ1 சர்டிபிகேட்டோடு நிறுத்திவிடாமல், வெளிநாடு போக நினைக்கிறவர்கள் இரண்டாம் வருடத்திலிருந்து தொடர்ந்து படிக்க நேரம் ஒதுக்கிக் கொடுங்கள்.

அப்புறம் தனிமை. டிசம்பரில் நாலரை மணிக்கே இருட்டிவிடும். வேலை முடிந்து எல்லாரும் நேரத்துக்குக் கிளம்பிவிடுவார்கள், அதில் தப்பில்லை, அவர்களுக்குக் குடும்பம் இருக்கிறது. ஞாயிறு கடைகள் மூடியிருக்கும், தெரு வெறிச்சோடிக் கிடக்கும். வீட்டில் போன் செய்தால் "நல்லா இருக்கேன்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவோம், ஏனென்றால் அவர்கள் இடத்தை அடகு வைத்து அனுப்பியிருக்கிறார்கள். நான் குடியிருக்கிற கட்டடத்தில் வாரம் ஒரு வீடு மாடிப்படியைக் கூட்டித் துடைக்க வேண்டும் என்பது வழக்கம். என் முறை வந்தபோது கதவில் ஒரு பலகையை மாட்டிவிட்டுப் போனார்கள். கீழ் வீட்டுப் பாட்டி வந்து எப்படிச் செய்வது என்று காட்டினார். அந்த வாரம்தான் நான் அந்தக் கட்டடத்தில் குடியிருக்கிறவளாக ஆனேன்.

இன்னொரு ஆதரவு ஈழத் தமிழர்களின் மளிகைக் கடை. கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வாங்கப் போனால், "தங்கச்சி இந்தியாவோ? எந்த இடம்? படிக்க வந்தனீங்களோ?" என்று கடைக்கார அண்ணா விசாரிப்பார். 83 கலவரத்துக்குப் பிறகு அகதியாக வந்து, முகாமில் இருந்து, உணவகச் சமையலறையில் பாத்திரம் கழுவி, பிறகு இந்தக் கடையைப் போட்டவர். எனக்கு முகவரிப் பதிவில் ஒரு சிக்கல் வந்தபோது அவர்தான் எந்த அலுவலகம், எந்தப் படிவம் என்று சொன்னார். நியாயமாக எனக்கு இதைச் சொல்லியிருக்க வேண்டியது என் கல்லூரி. உங்கள் பழைய மாணவர்கள் இந்த நாட்டில் பல ஊர்களில் இருக்கிறார்கள். அவர்கள் பெயரை விளம்பரத்தில் போடுகிறீர்கள். அவர்களையும் புதிதாக வருகிறவர்களையும் சேர்த்து வைக்க ஒரு ஆசிரியர் பொறுப்பெடுத்தால் போதும். முதல் குளிர்காலத்தில் மாதம் ஒரு முறை அந்த ஆசிரியரே "எப்படி இருக்கே?" என்று கேட்டால், வீட்டில் சொல்ல முடியாததை அவரிடம் சொல்ல முடியும்.

நான் கேட்பதை இப்போது நேராகவே எழுதுகிறேன், சார், மேடம். பணம் கட்டி வாங்குகிற இன்டர்ன்ஷிப்பைக் கிரெடிட்டுக்கு ஏற்காதீர்கள். இரண்டாம் வருடம் முடிந்த கோடை விடுமுறையில் ஒவ்வொரு மாணவரையும் உங்கள் ஊரில் உள்ள ஒரு பட்டறைக்கு, ஃபவுண்டரிக்கு, மில்லுக்கு, சிறு தொழிற்சாலைக்கு அனுப்புங்கள். பெரிய கம்பெனி பெயர் வேண்டாம். பத்துப் பேர் வேலை செய்கிற இடமே நல்லது, அங்கேதான் முதலாளியே பக்கத்தில் நிற்பார். பெண்களையும் அனுப்புங்கள், கடிதம் கொடுங்கள். பாதுகாப்பு குறித்து உங்களுக்குள்ள கவலைக்கு வழி உண்டு: ஒரு ஆசிரியர் முன்கூட்டிப் போய் இடத்தைப் பார்க்கலாம், இரண்டு மூன்று பேராகச் சேர்த்து அனுப்பலாம், காப்பீடு எடுக்கலாம். திரும்பி வந்ததும் சர்டிபிகேட் கேட்காதீர்கள். என்ன அளந்தாய், எது எதிர்பார்த்தபடி வரவில்லை, ஏன் என்று நினைக்கிறாய் என்று கேட்டு அதற்கு மதிப்பெண் போடுங்கள். இங்கே இன்டர்ன்ஷிப் முடிக்கிறவருக்கு நிறுவனம் எழுத்தில் சான்று தருவது வழக்கம். அந்தச் சான்றில் அவர் என்னென்ன செய்தார் என்று விவரமாக எழுதுகிறார்கள். "வெற்றிகரமாக முடித்தார்" என்கிற ஒற்றை வரி அதில் செல்லாது.

சிறு முதலாளிகளுக்கு நேரம் இருக்காது, மாணவர்களைச் சேர்க்க மாட்டார்கள் என்று நீங்கள் சொல்லலாம். சில இடங்களில் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் அவர்களிடம் தீராத அளவுப் பிரச்சினைகள் இருக்கின்றன, உட்கார்ந்து பார்க்க ஆள் இல்லை. இரண்டு வாரம் வேடிக்கை பார்த்துவிட்டுப் போகிற கூட்டத்தை வேண்டாம் என்பார்கள். இரண்டு மாதம் தினமும் வந்து, நோட்டில் எழுதி, ஒரு பிரச்சினையைத் தீர்க்க முயல்கிற ஒருவரை வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.

மார்ச் கடைசியில் என் இன்டர்ன்ஷிப் முடிகிறது. அடுத்த செமஸ்டர் தொடங்கும் முன் கோவைக்கு வருகிறேன். கூப்பிடுகிற எந்தக் கல்லூரிக்கும் வந்து இரண்டாம் வருட மாணவர்களோடு பேசத் தயார், ஃபீஸ் எதுவும் வேண்டாம். அப்பாவின் பட்டறை முதலாளியிடம் பேசிவிட்டேன். இந்த மே மாதம் இரண்டு மாணவர்களைச் சேர்த்துக்கொள்கிறேன், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும் என்று அவரே சொன்னார். கல்லூரி லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் மட்டும் வேண்டும் என்கிறார்.

இப்படிக்கு,
கோவையிலிருந்து வந்து ஸ்டுட்கார்ட் பக்கம் வேலை பழகும் ஒரு முன்னாள் மாணவி